இருநூறாவது பறவை

எனக்குத் தெரிந்த பறவைகள் மொத்தம் ஐந்து. அதில் இரண்டைச் சோற்றோடுதான் பார்த்திருக்கிறேன். இப்படிப்பட்டவன் பறவை பார்க்க வருபவர்களுக்கு வேன் ஓட்டக் காரணம், என் மனைவி சிந்தா அவர்களுக்கு வழிகாட்டி. ஸ்பெயினின் எப்ரோ ஆறு கடலில் விழும் எங்கள் சதுப்பில் எந்தச் சேற்றில் எந்த மாதம் எந்தக் கால் நிற்கும் என்பது அவளுக்கு அத்துப்படி.

அந்த வருடம் அவளுக்கு வாய்த்தது பெல்ஜியத்துச் சங்கம். ஆறு பேர். ஜனவரியில் வாத்துகளுக்காக வந்தார்கள். வயல்களில் தண்ணீர் கட்டும் மே மாதத்தில் நீள்கால் பறவைகளுக்காக வந்தார்கள். ஆகஸ்டில் கொசுக்கடியோடு பூநாரைகளை எண்ணினார்கள். நவம்பர்தான் கடைசிப் பயணம். அறுவடை முடிந்த வயலில் டிராக்டர்கள் இரும்புச் சக்கரம் கட்டிக்கொண்டு வைக்கோலைச் சேற்றில் மிதிக்கும். பின்னாலேயே அரிவாள் மூக்கன்களும் கொக்குகளும் கல்யாண ஊர்வலம் போல நடக்கும்.

சங்கத் தலைவர் லாம்ப்ரெக்ட், ஓய்வு பெற்ற சுங்க அதிகாரி. சிரித்தால் வரி போட்டுவிடுவார்கள் என்று பயப்படும் முகம். ஜனவரியிலேயே அவர் சிந்தாவிடம் சொல்லிவிட்டார்:

"ஒரே வருஷத்துல இருநூறு வகை பார்த்துட்டோம்னா, அடுத்த வருஷமும் நாலு பயணமும் உங்களோடதான். ஒண்ணு குறைஞ்சாலும் பிரான்ஸ் பக்கம் கமார்க் சதுப்புக்குப் போயிடுவோம். எங்க சங்கத்து வழக்கம் அது."

வருடம் முழுக்க வரும் கூட்டம் இது ஒன்றுதான். இது போனால் சிந்தாவுக்கு மிஞ்சுவது அவள் அண்ணன் எலோயின் அரிசி ஆலை. வாசலில் உட்கார்ந்து லாரிக்கு டோக்கன் எழுத வேண்டும். நான் உள்ளே மூட்டை தூக்க வேண்டும். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டிலும் மச்சான் அதை ஞாபகப்படுத்துவார்.

"என்ன தங்கச்சி, கொக்கு பாத்து முடிஞ்சுதா? நாற்காலி துடைச்சு வெச்சிருக்கேன். மாப்ளே, இடுப்புக்கு இப்பவே எண்ணெய் தடவிக்கோங்க."

நவம்பர் பயணத்தின் கடைசி நாள் விடிந்தபோது கணக்கு நூற்றுத் தொண்ணூற்று ஒன்பதில் நின்றது.

கணக்கு என்றால் சும்மா இல்லை. தினமும் இரவுச் சாப்பாடு முடிந்ததும் லாம்ப்ரெக்ட் பட்டியலை எடுத்து, பள்ளிக்கூடத்தில் பேர் கூப்பிடுவது போல ஒவ்வொரு பறவையாகக் கூப்பிடுவார். குறைந்தது நான்கு பேர் கண்ணால் பார்த்ததாகக் கை தூக்கினால்தான் அது பதிவாகும். சத்தம் கேட்டது, நிழல் தெரிந்தது எதுவும் செல்லாது. மறுநாள் காலை அவர்களுக்கு விமானம். ஆக, அன்றைய இரவுச் சாப்பாடுதான் கெடு.

சிந்தா அவர்களைக் காலையிலேயே நாணல் காட்டுக்கு முன்னால் நிறுத்திவிட்டாள். நாணலுக்குள் நாணலாகவே நிற்கும் பெரிய குருகு ஒன்று அங்கே இருந்தது. இருந்தது என்பது சிந்தா சொல்வது. மெஸ்த்ரால் என்ற வடமேற்குக் காற்று காதைப் பிய்த்துக்கொண்டிருந்த அந்த நாளில் எந்தக் குருகும் தலையை வெளியே நீட்ட ஒப்பவில்லை. ஆறு டெலஸ்கோப், ஆறு சிவந்த மூக்கு, ஏழு மணி நேரம்.

நான் வேனுக்குள் உட்கார்ந்து, பொழுது போகாமல் பட்டியலைப் புரட்டினேன். எனக்குத் தெரிந்த ஐந்தையும் தேடுவது என் பழக்கம். பூநாரை இருந்தது. நாமக்கோழி இருந்தது. வாத்து ஒன்பது தினுசில் இருந்தது. கடல் காக்கை இருந்தது. ஐந்தாவதைக் காணோம். இன்னொரு முறை விரல் வைத்துத் தேடினேன். பிறகு இறங்கிப் போனேன்.

"சிந்தா, இதுல சிட்டுக்குருவி எங்க?"

"உனக்கு வேற வேலையே இல்லையா? குருகு வர்ற நேரம்."

"நாலு பக்கமும் பார்த்துட்டேன். மரச்சிட்டு இருக்கு, பாறைச்சிட்டு இருக்கு. வீட்டுல திரியுமே, அது இல்ல."

அவள் பட்டியலைப் பிடுங்கினாள். அவள் உதடு அசைவதைப் பார்த்து லாம்ப்ரெக்ட் டெலஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுத்தார்.

"அது முதல் நாளே எழுதினதாச்சே. கோடலீவ், நீங்கதானே எழுதினீங்க?"

கோடலீவ் அம்மாள், பல் மருத்துவர், சங்கத்தின் செயலாளர். "நான் ஏன் எழுதறேன்? அந்த மாதிரி சில்லறைப் பறவையெல்லாம் நீங்க பார்த்துப்பீங்கன்னு விட்டுட்டேன்."

"நானும் நீங்க பார்த்துப்பீங்கன்னு விட்டுட்டேன்."

ஆறு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எழுபது கிலோமீட்டர் தள்ளிப் பறக்கும் பருந்துக்கு வயது சொல்லும் கூட்டம். வருடம் முழுக்க ஒருத்தரும் குருவியைப் பார்க்கவில்லை.

"சார், உங்க ஓட்டல் ஜன்னல்லயே தினம் உக்காந்திருக்குமே," என்றேன்.

"தேதி சொல்லுங்க. நேரம் சொல்லுங்க. எந்த ஜன்னல்?" என்றார் சுங்க அதிகாரி. "நாங்க கை தூக்காத பறவை பறவையே இல்ல."

சூரியன் அடைய ஒன்றரை மணி நேரம் இருந்தது. டெலஸ்கோப்புகளை மடக்காமலே வேனில் ஏற்றினோம். ஒரு டெலஸ்கோப்பின் கால் என் காதை இடித்துக்கொண்டே வந்தது.

ஊர்ச் சதுக்கத்தில் காபிக்கடை மேஜைகளைக் காற்று உருட்டிக்கொண்டிருந்தது. ரொட்டியைப் பிய்த்துப் போட்டுவிட்டு எல்லோரும் சுவரோரம் குந்தினோம். இரண்டு குருவிகள் இறங்கின. எனக்கு உயிர் வந்தது.

"கன்னத்துல கறுப்புப் புள்ளி," என்றார் கோடலீவ். "மரச்சிட்டு. நம்பர் நாப்பத்தி ஏழு."

"புள்ளிய அழிச்சுட்டா?" என்று கேட்டேன்.

காபிக்கடைக்காரர் எங்களைக் கடந்து மேஜைகளை உள்ளே இழுத்துக்கொண்டே சொன்னார்: "இந்தக் காத்துல குருவி எங்க வரும். அரிசி ஆலைக்குப் போங்க. அங்கதான் மூட்டை மேல மூட்டையா உக்காந்திருக்கும்."

சிந்தா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். எந்த வாசலுக்குப் போகக்கூடாது என்று வருடம் முழுக்க உழைத்தாளோ, அந்த வாசலுக்கே பத்து நிமிடத்தில் வேனைக் கொண்டுபோய் நிறுத்தினேன்.

மச்சான் எலோய் கதவில் சாய்ந்து நின்றிருந்தார்.

"வா தங்கச்சி. இன்னைக்கே சேர்ந்துக்கறியா? ஆறு பேரக் கூட்டிட்டு வந்திருக்கியே, எல்லாருக்கும் டோக்கன் வேலை கிடையாதும்மா."

"அண்ணே, விளையாடாதீங்க. சிட்டுக்குருவி வேணும்."

"குருவியா?" மச்சானின் மார்பு விரிந்தது. "போன மாசம்தான் கூரை முழுக்க வலை போட்டேன். ஓட்டை ஒண்ணு விடல. வருஷத்துக்கு எத்தனை மூட்டை தின்னுதுங்க தெரியுமா? இப்ப ஒரு குஞ்சு இல்ல. வந்து பாருங்க, பெருமையா காட்டறேன்."

சிந்தா அங்கேயே ஒரு மூட்டையில் உட்கார்ந்துவிட்டாள். அப்போதுதான் மேலே, வலைக்கு உள்பக்கம், உத்தரத்தில் ஏதோ அசைந்தது.

"ஒண்ணு மாட்டியிருக்கு போல," என்றார் மச்சான், முகம் சுருங்கி.

ஆறு பைனாகுலரும் ஒரே நேரத்தில் உயர்ந்தன. சாம்பலும் பழுப்புமாக ஒரு பெட்டைக் குருவி. கன்னத்தில் புள்ளி இல்லை. எங்களைப் பார்த்துக் கொட்டாவி விட்டது போல இருந்தது.

"பாத்தாச்சு," என்று கை தூக்கினார் கோடலீவ். "சிட்டுக்குருவி. இருநூறு."

"ஒரு நிமிஷம்," என்றார் லாம்ப்ரெக்ட். "ஸ்பானியச் சிட்டோட பெட்டையும் இப்படித்தான் இருக்கும். அலகு கொஞ்சம் தடிமனா தெரியல?"

"பேர்தான் ஸ்பானியச் சிட்டு, ஸ்பெயின்ல இந்தப் பக்கம் அபூர்வம்."

"அபூர்வம்னா இல்லைன்னு அர்த்தம் இல்ல, மேடம்."

சங்கம் மூன்று மூன்றாகப் பிளந்தது. மூன்று பேருக்குத் தடித்த அலகு. மூன்று பேருக்குச் சாதா அலகு. புத்தகங்கள் வந்தன. ஒருவர் நெல் மூட்டை மேல் ஏறி நின்று விலாக் கோடுகளை எண்ணினார். குருவி ஒரு முறை திரும்பி உட்கார்ந்தது. விவாதம் முதலிலிருந்து தொடங்கியது.

"மாப்ளே," என்று மச்சான் என் காதில் கேட்டார், "இதுக்காகவா பெல்ஜியத்துலேருந்து வர்றாங்க?"

சிந்தா எழுந்தாள். "சார், வீட்டுச் சிட்டா இருந்தாலும் பட்டியல்ல புதுசு. ஸ்பானியச் சிட்டா இருந்தாலும் புதுசு. எப்படிப் பார்த்தாலும் இருநூறுதானே?"

லாம்ப்ரெக்ட் பேனாவைத் திறந்தார், மறுபடி மூடினார். "எண்ணிக்கை சரிதான். ஆனா பேர் இல்லாத ஒண்ணை நான் எப்படிப் பதிவு பண்றது? முப்பது வருஷ சர்வீஸ்ல பேர் இல்லாத பெட்டி ஒண்ணைக்கூட எல்லை தாண்ட விட்டதில்ல."

"அப்ப ஆண் குருவி வந்தா தெரிஞ்சுடுமா?"

"தெரியும். ஆனா இப்ப இல்ல. இலையுதிர் காலத்துல புது இறகோட நுனி கழுத்துக் கறுப்பை மறைச்சுடும். மார்ச் மாசம் அந்த நுனி தேஞ்சப்புறம் நல்லா தெரியும். இந்தப் பெட்டையைத் தேடி எந்த ஆண் வருதுன்னு பார்க்கணும்." அவர் கோடலீவைப் பார்த்தார். கோடலீவ், தான் சொன்னதே சரி என்று நிரூபிக்காமல் கமார்க் போகப் போவதில்லை என்ற முகத்தோடு நின்றார். மற்ற நால்வர் முகமும் அப்படித்தான். "இதை இப்படியே விட்டுட்டுப் போக முடியாது. மார்ச் பயணத்தை எழுதிக்கோங்க. மிச்ச மூணையும் சேர்த்து."

சிந்தா எழுதிக்கொண்டாள். எழுதி முடித்துப் பேனாவை மூடிய பிறகுதான் அண்ணன் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, நாளைக்கே வலையை அவுத்துடுங்க, ஆண் குருவி உள்ள வரணும். மார்ச் வரைக்கும் இந்தப் பொண்ணு பறந்து போகாம இங்கேயே இருக்கணும், தினம் தீனி போடுங்க. ஆலைப் பூனையை வீட்டுல கட்டிப் போடுங்க."

"ஏண்டி, இது அரிசி ஆலையா, சத்திரமா?"

"ஆறு பேருக்கும் இங்கேயே அரிசி வாங்கச் சொல்றேன்."

மச்சான் உத்தரத்தை ஒரு முறை பார்த்தார், பெல்ஜியக்காரர்களின் சட்டைப் பைகளை ஒரு முறை பார்த்தார்.

இரண்டு வாரம் கழித்து, காலையில் பல் துலக்கும் நேரத்தில் அவரிடமிருந்து போன்.

"மாப்ளே, இது நொய் தின்ன மாட்டேங்குது. கீழ தள்ளுது. என்ன பண்றது?"

நான் போனைக் கையால் பொத்திக்கொண்டு சிந்தாவிடம் கேட்டேன். அவள் மார்ச் மாதப் பயணத் திட்டத்தில் முதல் நாள், முதல் இடம் என்று போட்டு, அரிசி ஆலை என எழுதிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"பட்டணத்துக்காரங்களுக்குத் துணிப்பையில போட்டு மூணு மடங்கு விலைக்கு விக்கறாரே பொம்பா அரிசி, அதுல ஒரு கைப்பிடி போடச் சொல்லு."