இல்லாத பெண்ணுக்கு அனுப்பிய கந்தனக்காய்

கோழிக் குழம்பில் கந்தனக்காயைக் காணவில்லை.

முக்வானா கரண்டியைக் கிண்ணத்தின் அடிவரை விட்டுத் துழாவினார். கழுத்து வந்தது, முதுகு வந்தது, இறக்கைகள் வந்தன, யாரும் கேட்காத கால் நகம்கூட வந்தது. கோழியின் இரைப்பையை மட்டும் காணோம்.

கோழி அறுத்த வீட்டில் கந்தனக்காய் ஆம்பிளைக்கு. இதை யாரும் சட்டமாக எழுதி வைக்கவில்லை. எழுதி வைத்த சட்டங்களெல்லாம் அந்த நாட்டில் பட்ட பாட்டைப் பார்த்தால் எழுதாமல் விட்டதே நல்லது என்று தோன்றும். முக்வானாவின் சித்தப்பா ஒருவர் கந்தனக்காய் இல்லாத கிண்ணத்தை வைத்த குற்றத்துக்காக மனைவியைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பினார். போகும்போது அவள் கோழிகளையும் ஓட்டிக்கொண்டு போய்விட்டாள் என்பதைக் குடும்பத்தில் யாரும் வெளியே சொல்வதில்லை.

"நமல்வா, கிண்ணத்துல ஒண்ணு குறையுதே."

"குறையல. எடுத்து வச்சிருக்கேன்," என்றாள் மனைவி.

"யாருக்கு?"

"நெலிமாவுக்கு."

முக்வானா கரண்டியைக் கீழே வைத்தார். நெலிமா அவர்களுடைய ஒரே மகள், பள்ளிக்கூட ஆசிரியை. கரும்பு விவசாயிகளுக்காகப் பேசி உள்ளே போன மாணவர்களுக்குச் சோப்பும் சாப்பாடும் திரட்டி அனுப்பிக்கொண்டிருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் நோயாளிகளுக்கான ஜெபத்தில் அந்த மாணவர்களின் பெயர்களையும் சேர்த்து வாசித்துவிட்டாள். நோயாளிகளுக்கு ஜெபிக்கலாம், கைதிகளுக்கு ஜெபிப்பது அரசுக்கு எதிரான சதி என்று அன்று மாலையே தெரியவந்தது. ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அதன் பிறகு, அப்படி ஒரு பெண்ணைத் தாங்கள் பார்த்ததே இல்லை என்று ஸ்டேஷனில் சொல்லிவிட்டார்கள்.

"பொண்ணுக்குக் கந்தனக்காயா? அவ அதைத் தின்னது கிடையாதே," என்றார் முக்வானா.

"தின்ன விட்டது கிடையாது. நான் சொல்றதக் கேளுங்க. சார்ஜென்ட் சிட்டுமா நம்ம ஆளு, கந்தனக்காய் தின்னு வளந்தவன். ஒரு பொம்பளைக்கு அது போகுதுன்னு தெரிஞ்சா அவன் வாய் சும்மா இருக்காது. பொய் சொல்றதுக்கு அவனுக்குச் சம்பளம் தர்றாங்க. உண்மை சம்பளமில்லாமத் தானா வரும்."

முக்வானா யோசிப்பவர்போல் முகத்தை வைத்துக்கொண்டார். அவர் கைதிகள் குடும்பத்தார் சங்கத்தின் தலைவர். சங்கத்தில் மற்ற எல்லோரும் பெண்கள். சமைப்பது, ஸ்டேஷன் எதிரே புல்லில் உட்கார்ந்து பாடுவது, தடியடி வாங்குவது எல்லாம் அவர்கள் பொறுப்பு. தலைவராக ஓர் ஆம்பிளை இருந்தால் எடுப்பாக இருக்கும் என்று இவரைப் போட்டார்கள். மடக்கு நாற்காலி இவரிடம்தான் இருந்தது என்பதும் ஒரு காரணம்.

"சங்கத்தோட மரியாதைன்னு ஒண்ணு இருக்கு. மாவட்ட ஆணையருக்கு இன்னொரு மகஜர் எழுதலாம்னு இருக்கேன்," என்றார்.

"போன மகஜர்ல சிட்டுமா வேர்க்கடலை மடிச்சித் தின்னுட்டிருந்தான். வெள்ளிக்கிழமை லாரி வருது, நெலிமாப்பா."

வெள்ளிக்கிழமை லாரி கைதிகளை ஏற்றிக்கொண்டு நைரோபிக்குப் போகும். அதில் ஏறியவர்களைப் பற்றி ஊரில் யாரும் அதிகம் பேசுவதில்லை. திரும்பி வந்த ஓரிருவரும் பேசுவதில்லை. முக்வானா கழுத்தை எடுத்துக் கடித்தார். அதில் எலும்புதான் இருந்தது.

மறுநாள் புதன்கிழமை காலை, சங்கம் வரச்சொல்லியிருந்த வக்கீல் ஒவினோ கிசுமுவிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினார். ஒல்லியான மனிதர், கோட்டைக் கழற்றினால் பாதியாகிவிடுவார்.

"அவங்க இல்லேன்னு சொல்றவரைக்கும் கோர்ட்டு ஒண்ணும் செய்யாது. உள்ள இருக்காங்கன்னு போலீசு வாயிலேர்ந்து ஒரு வார்த்தை வரணும், அது என் காதுல விழணும். மத்ததை நான் பாத்துக்கறேன்," என்று சொல்லிவிட்டு ஸ்டேஷன் ஜன்னலோரம் போய்ப் பேப்பரைப் பிரித்து வைத்துக்கொண்டார்.

கிண்ணத்தை எடுத்துக்கொண்டு தலைவர் உள்ளே போனார்.

ஸ்டேஷனில் சாப்பாடு வாங்கும் முறை விசித்திரமானது. ஆள் இல்லை என்பார்கள், ஆனால் ஆளுக்கு வந்த சாப்பாட்டை வாங்கிக்கொள்வார்கள். இல்லாத ஆள் பசியோடு இருக்கக் கூடாது என்ற இரக்கமாக இருக்கலாம். விஷம் கிஷம் இருக்குமோ என்று, கொண்டுவந்தவர் சார்ஜென்ட் கண்ணெதிரே ஒரு வாய் தின்று காட்டவும் வேண்டும்.

சிட்டுமா மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். பெரிய உடம்பு, சின்னத் தொப்பி.

"இங்க பொம்பளைக் கைதி யாரும் இல்ல, பெரியவரே. எத்தனை தடவை சொல்றது. சரி, திறங்க. தின்னு காட்டுங்க."

முக்வானா மூடியைத் திறந்தார். உகாலிக் களியின் மேல் நடுநாயகமாகக் கந்தனக்காய் உட்கார்ந்திருந்தது. தான் செய்ய வேண்டியது அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. களியில் ஒரு விள்ளல் எடுத்துத் தின்ன வேண்டும். கந்தனக்காய் மகளுக்கு என்று உரக்கச் சொல்ல வேண்டும். ஜன்னலுக்கு வெளியே வக்கீல் காத்திருக்கிறார். எல்லாம் ஞாபகம் இருந்தது, கைக்கு மட்டும் இல்லை. அது பிறந்ததிலிருந்து பழகிய வழியில் போய், பழகியதை எடுத்து, பழகிய இடத்தில் போட்டது. வாயும் தன் வேலையைச் செய்தது.

நல்ல ருசி. பின்னால் அவரை அதிகம் வதைத்தது அதுதான்.

சிட்டுமா திருப்தியோடு தலையாட்டினார். "எடுக்க வேண்டியவர் எடுத்துட்டீங்க. இதான் முறை. மத்ததை வச்சிட்டுப் போங்க." போகும்போது ஒரு சல்யூட்கூட வைத்தார்.

வெளியே புல்லில் பெண்கள் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தக்காளி விற்கும் கக்காசாவின் மகன் ஜெயிலில் இருந்தான். அவள் நாக்கு வெளியே இருந்தது.

"என்ன தலைவரே, உள்ள சத்தமே காணோம்?"

"அது... சூழ்நிலை சரியா அமையல."

"உதட்டுல என்ன பளபளன்னு?"

தலைவர் உதட்டைத் துடைத்தார். நமல்வா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கத்தியிருந்தால் பிழைக்க வழி இருந்திருக்கும். கத்தினால் பதிலுக்குக் கத்தலாம். அவள் எழுந்து வந்து தலைவரின் நாற்காலியை மடக்கினாள்.

"பொண்ணு உள்ள இருக்கா. நீங்க தின்னுட்டு வந்திருக்கீங்க," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

அன்று பகல் முழுக்க முக்வானா வீட்டுக்குப் பின்னால் வாழைமரத்தடியில், நாற்காலி இல்லாமல், தரையில் உட்கார்ந்திருந்தார். தன் வலது கையைப் பார்த்தார். அதனோடு அவருக்குப் பேச ஒன்றும் இல்லை.

வியாழக்கிழமை விடிந்ததும் தெருவில் கோழி அறுக்க ஆரம்பித்தார்கள். ஒரு வீடு, இரண்டு வீடு அல்ல, தெருவே அறுத்தது. பக்கத்து ஊர்க் கோழிகள் அந்தச் சத்தத்தைக் கேட்டு மரத்தில் ஏறி மூன்று நாள் இறங்கவில்லை என்று சொல்வார்கள். மூன்று நாள் என்பது கொஞ்சம் கூட்டிச் சொன்னது. அன்று தெருவில் எல்லா வீட்டிலும் ஆண்கள் சாப்பிட உட்கார்ந்தார்கள். எல்லா வீட்டிலும் கரண்டி கிண்ணத்தின் அடியைத் துழாவியது.

கொஞ்ச நேரத்தில் ஆண்கள் திரண்டு முக்வானாவின் வாசலுக்கு வந்தார்கள். சங்கம் தொடங்கிய நாளிலிருந்து இப்படி ஒரு கூட்டம் கூடியதில்லை. பிள்ளைகளை ஜீப்பில் ஏற்றியபோது வயலில் வேலை இருந்தவர்கள், பெண்கள் தடியடி பட்டபோது முதுகுவலி வந்தவர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள்.

"பசங்களைத் தூக்கிட்டுப் போனான், பொறுத்துக்கிட்டோம். பொம்பளைங்கள அடிச்சான், பொறுத்துக்கிட்டோம்," என்றார் முன்னால் நின்றவர். "இது என்னங்க அநியாயம்? நீங்க தலைவர். நீங்க கேக்கணும்."

"விசாரிக்கிறேன்," என்றார் தலைவர்.

அவர் விசாரிக்கப் போனபோது நமல்வா ஒரு பெரிய கிண்ணத்தைத் துணியில் கட்டிக்கொண்டிருந்தாள். அதில் களி இல்லை, கீரை இல்லை. தெருவின் அத்தனை கந்தனக்காய்களும் குழம்பில் பளபளத்துக்கொண்டிருந்தன.

"நான் கொண்டு போறேன்," என்றார் முக்வானா. சொன்ன உடனே அவருக்கே கூச்சமாக இருந்தது.

"நாற்காலியக் கொண்டு வாங்க," என்றாள்.

மடக்கிய நாற்காலியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தலைவர் மனைவிக்குப் பின்னால் போனார். ஒவினோ ஜன்னலோரம் நேற்றைய பேப்பரையே படித்துக்கொண்டிருந்தார்.

சிட்டுமா மூடியைத் திறந்தார். தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"என்னம்மா இது?"

"சாப்பாடு. தின்னு காட்டணும்ல?" நமல்வா ஒன்றை எடுத்து வாயில் போட்டாள். அவசரமில்லாமல் மென்றாள். தன் கையால் எத்தனையோ கந்தனக்காய்களைக் கழுவி, கீறி, தோல் உரித்து, வதக்கியவள். அதன் ருசி என்னவென்று அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. முகத்தில் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. "நல்லாத்தான் இருக்கு. மிச்சமெல்லாம் என் மகளுக்கு."

சிட்டுமா முக்வானாவின் பக்கம் திரும்பினார். கண்ணில் கிட்டத்தட்ட கெஞ்சல் இருந்தது.

"பெரியவரே, உங்க சம்சாரம் பண்றத பாத்துக்கிட்டு நிக்கிறீங்களே. நீங்க ஆம்பிளையா ஒரு வார்த்தை சொல்லுங்க."

முக்வானா லாக்கப் இருந்த நடைபாதைப் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார்.

"உப்பு சரியா இருக்கா, நமல்வா?"

"கொஞ்சம் தூக்கல்."

சிட்டுமா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்த சத்தம் புல்வெளிவரை கேட்டது. அவர் குரல் சந்தைவரை கேட்டது.

"நீங்கல்லாம் மனுசங்களா? இத்தனை நாளும் முதுகும் கழுத்தும் அனுப்பினீங்க, வாய் பேசாம உள்ள கொடுத்தேன். இப்ப கந்தனக்காயா? அந்த டீச்சரம்மா என் லாக்கப்புல உக்காந்துக்கிட்டு ஆம்பிளைங்க பங்கைத் தின்பாளா? என் ஸ்டேஷன்ல அது நடக்காது. நேத்து அவ்வளவு வாங்கியும் அவ திமிர் அடங்கல, அதுல இது வேறயா?"

ஜன்னலில் பேப்பர் மடிந்தது.

"எந்த டீச்சரம்மா, சார்ஜென்ட்?" என்று ஒவினோ மிகவும் பணிவாகக் கேட்டார்.

வெளியே கக்காசா பாட ஆரம்பித்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை லாரி வருவதற்குள் நெலிமாவைக் கோர்ட்டில் நிறுத்த வேண்டியதாயிற்று. பாதத்தைத் தரையில் ஊன்றாமல், ஓரத்தால் நடந்து வந்தாள். ஒரு கண் மூடிக் கிடந்தது. மாஜிஸ்திரேட் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு காரணம் கேட்டார். படிக்கட்டில் விழுந்துவிட்டதாகப் போலீஸ் சொன்னது. அந்த ஸ்டேஷனுக்கு வாசலில் ஒரே ஒரு படிதான். சட்டவிரோதமாக ஜெபம் செய்ததாக வழக்குப் பதிவாகி, மாவட்ட ஜெயிலில் வைக்க உத்தரவானது.

இல்லாதவளாக இருந்த மகள் கைதியாகிவிட்டாள். தாயும் தகப்பனும் கோர்ட் வாசலில் கட்டிக்கொண்டு அழுதார்கள். தெருவில் கொண்டாட்டம். பெற்ற பெண் ஜெயிலுக்குப் போனதற்கு வாழ்த்து வாங்கிய தகப்பன் அந்த நாட்டில் முக்வானா மட்டும் அல்ல என்பதால் யாரும் இதை விசேஷமாக நினைக்கவில்லை.

அடித்ததைப் பற்றிச் சங்கம் புகார் எழுதியது. ஆதாரம் இல்லை என்று பதில் வந்தது. ஆனால் சிட்டுமா தண்டனை இல்லாமல் தப்பித்தார் என்று சொல்ல முடியாது. சாயங்காலம் பானையைச் சுற்றி உட்கார்ந்து நீளக் குழல்களால் தானியக் கள்ளான புஸாவை உறிஞ்சும் ஆண்கள் அவருக்குக் குழல் நீட்டுவதை நிறுத்திவிட்டார்கள். ஒரு பெண்ணின் பாதத்தைப் பிளந்ததற்காக அல்ல. தன் கண்ணெதிரே ஒரு பெண் கந்தனக்காய் தின்பதைத் தடுக்காமல் நின்றதற்காக. அந்தப் பானையைச் சுற்றி முக்வானாவுக்கும் இடம் இல்லாமல் போயிற்று. அவர் அதை வெளியே சொல்லிக்கொள்வதில்லை. புஸா உடம்புக்கு ஒத்துக்கொள்வதில்லை என்று சொல்லி வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஜெயிலில் பார்வையாளர் நாள். கிண்ணத்தை இந்த முறை தலைவரிடமே கொடுத்தனுப்பினாள் நமல்வா.

வாசலில் இருந்த வார்டர் இளைஞன், மரியாதை தெரிந்தவன். மூடியைத் திறந்து பார்த்தான்.

"பெரியவரே, ஒரு வாய் தின்னு காட்டணும். கந்தனக்காய் மேலயே இருக்கு பாருங்க, எடுத்துக்கங்க."

முக்வானாவின் வலது கை கிளம்பியது. அவர் இடது கையால் அதன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். வார்டர் அதை முதுமை நடுக்கம் என்று நினைத்திருக்க வேண்டும்.

"அது என்னுது இல்ல, தம்பி," என்றார். களியைக் கிளறி அடியிலிருந்த கழுத்தைத் தேடி எடுத்து, அவன் பார்க்கக் கடித்தார்.