கேப்டன் தீனதயாளனின் வெளிப்பார்வை

கேப்டன் தீனதயாளன் தன் வாழ்நாளில் இரண்டே தடவைதான் விமானம் ஏறியிருக்கிறார். இரண்டு தடவையும் பயணியாக. கள்ளக்குறிச்சியில் ஓர் உரக்கடைக்கு மேல்மாடியில் அவர் தொடங்கிய விமானப் பயிற்சி நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாளே இலக்கியாவுக்கு இது தெரிந்துவிட்டது. தோளில் நாலு தங்கப்பட்டை வைத்துச் சட்டை தைத்துக் கொடுத்த தையல்காரர்தான் இந்த ஆளுக்குக் கேப்டன் பட்டமும் கொடுத்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். ஆனாலும் வேலையை விடவில்லை. பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் பாடம் எடுத்த வேலை போய், எட்டு மாதம் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தவள்.

நிலையத்தில் இருந்ததெல்லாம் ஒரு பெரிய திரை, ஒரு கம்ப்யூட்டர், கையில் பிடித்து ஆட்டுகிற ஒரு ஜாய்ஸ்டிக். திரையிலேயே விமானம் ஓட்டிப் பழகுகிற இந்தச் சிமுலேட்டரை ஒழுங்குசெய்வது அவள் பொறுப்பு. நாலு நாள் உட்கார்ந்து படித்து, ஜாய்ஸ்டிக்கின் தலையில் கட்டைவிரலுக்கு எட்டுகிற குமிழுக்கு விமானி பார்க்கும் திசைகளை ஒதுக்கினாள். இடப்பக்கம் தள்ளினால் இடது ஜன்னல், வலப்பக்கம் தள்ளினால் வலது ஜன்னல், கீழே இழுத்தால் மீட்டர்கள். தரையிறங்க வட்டமடிக்கும்போது ஓடுதளம் பக்கவாட்டில்தான் கிடக்கும். தலையைத் திருப்பிப் பார்க்காதவன் அதைத் தொலைத்துவிடுவான்.

திறப்பு விழாவுக்கு முந்தின நாள் தீனதயாளன் வந்து பார்த்தார்.

"இன்னாம்மா இது, ஒரே மீட்டரா கீது? பிளைட்டு எங்க?"

"நாம பிளைட்டுக்குள்ள இருக்கோம் சார்."

"உள்ள இருந்தா எவன் பாப்பான்? றெக்கை, வாலு, மேகம் எல்லாம் வெளிய இருந்து தெரியணும். அத்த இந்த சுட்டுவிரல் பட்டன்ல வெச்சுடு. மேல கீற குமிழ ஆஃப் பண்ணிடு. கை பட்டா கண்டபடி சுத்திக்கினே கீது."

"ஓட்டறவருக்கு அதுதான் சார் முக்கியம்..."

"ஓட்டறது நானா, நீயா?"

ரெண்டு பேருமே இல்லை என்று நாக்கு நுனி வரைக்கும் வந்ததை விழுங்கினாள். செட்டிங்ஸைத் திறந்து, பார்த்துப் பார்த்து ஒதுக்கிய திசைகளை ஒவ்வொன்றாக அழித்தாள். சுட்டுவிரல் பட்டனுக்கு வெளிப்பார்வையை வைத்தாள். கல்யாண வீடியோவில் தன் முகத்தையே தேடுகிற ஜென்மத்துக்கு இது போதும் என்றிருந்தது.

மறுநாள் காலை நாற்பது பேர் வந்திருந்தார்கள். வடக்கனந்தலிலிருந்தும் தியாகதுருகத்திலிருந்தும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, இஸ்திரி போட்ட சட்டையும் பட்டுப்புடவையுமாக. இலக்கியா முன்கூட்டியே வானத்தில் ஏற்றி நிறுத்தியிருந்த விமானத்தை, தானே கிளப்பியவர்போலத் தொண்டையைச் செருமிக்கொண்டு கேப்டன் கையில் எடுத்தார். கல்வராயன் மலைமேல் வெள்ளை விமானம் மிதந்தது. கூட்டம் 'ஆ' என்றது.

"சார், பைலட்டு எங்க இருந்து இத்தப் பாக்கறாரு?" என்று ஓர் அம்மாள் கேட்டாள். ரிஷிவந்தியத்தில் நெல் போடுகிற தங்கமணி. பக்கத்தில் பிளஸ் டூ முடித்த மகள் சுபஸ்ரீ.

"பிளைட்டுக்கு உள்ள இருந்துதாம்மா."

"உள்ள குந்திக்கினு இருக்கறவருக்கு வாலு எப்டிங்க தெரியும்?"

யாரோ சிரித்தார்கள். கேப்டன் பட்டனை அழுத்தினார். திரை விமானத்துக்குள்ளே போனது. எதிர்க் கண்ணாடியில் வெறும் வானம்.

"இப்ப மலை எந்தப் பக்கங்க?"

அவர் குமிழைத் தள்ளினார். ஒன்றும் அசையவில்லை. நேற்று அழிக்கச் சொன்னது அவருக்கு நினைவில்லை. இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று அழுத்தித் தள்ளினார். தள்ளிய வேகத்தில் ஜாய்ஸ்டிக்கே சாய்ந்தது, விமானமும் சாய்ந்தது. பதறிப்போய் மறுபடி பட்டனை அமுக்கினார். வெளிப்பார்வை வந்தபோது மூக்கு தரையைப் பார்த்திருந்தது. விமானம் பச்சை மலையில் போய்ச் செருக, தீயும் புகையும் கிளம்பின.

கூட்டம் கைதட்டியது.

வெளியிலிருந்து பார்க்க அது அழகாகத்தான் இருந்தது. கேப்டன் ஒரு நிமிஷத்தில் தேறிக்கொண்டார். "பாத்தீங்களா? நெஜத்துல உயிரு போயிருக்கும். நம்மகிட்ட கத்துக்கினா பயமே இல்ல!" மறுபடி கைதட்டல். விண்ணப்ப மேசைக்கு முன்னால் வரிசை நின்றது. இலக்கியாவுக்கு அவர்மேல் இருந்த இளக்காரம் அந்த வரிசை முழுவதற்கும் பரவியது. மலையில் மோதியதைக் கண்ணால் பார்த்துவிட்டு, மோதியவனிடமே பிள்ளையை ஒப்படைக்க முண்டியடிக்கிறார்களே!

தங்கமணி வரிசையில் நிற்கவில்லை. நேராக இலக்கியாவிடம் வந்தாள்.

"நீ சொல்லும்மா. இங்க படிச்சா எம் பொண்ணு பிளைட்டு ஓட்டுவாளா?"

கேப்டன் அங்கிருந்தே கண்ணைக் காட்டினார். இலக்கியா பார்த்தாள், பார்த்துவிட்டே சொன்னாள்.

"ஓட்ட மாட்டா. இங்க யாருக்கும் பிளைட்டு ஓட்டத் தெரியாது. இது கம்ப்யூட்டர்ல விளையாடற ஆட்டம்."

"ஏய், நாளைலேருந்து வேலைக்கு வராத!" என்று கேப்டன் கத்தினார். வரிசையில் இரண்டு குடும்பங்கள் விலகி வெளியே போயின. மீதிப் பேர் இடம் கிடைத்ததென்று முன்னால் நகர்ந்தார்கள்.

இலக்கியா பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். நிமிர்ந்துதான் இறங்கினாள். கீழே உரக்கடை வாசலில் தங்கமணி மகளோடு நின்றிருந்தாள். நன்றி சொல்லத்தான் நிற்கிறாள் என்று இவள் அருகே போனாள்.

"இங்க எத்தினி நாளா வேல செய்யற?"

"ஒரு மாசமா."

"தெரிஞ்சேதான் செஞ்சுக்கினு இருந்தியா? நான் வந்து கேக்கலைன்னா சொல்லியிருப்பியா?"

தங்கமணி அவளை மேலும் கீழும் ஒரு தடவை பார்த்தாள். பிறகு மகளின் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தாள்.