சமாதானத்தைக் குலைத்த கசிமீர்

கசிமீருக்கு ஞானஸ்நானம் கொடுத்த ஞாயிற்றுக்கிழமை, பாடகர் குழுவின் இரண்டு பிரிவுகளும் காலையில்தான் எழுதிக்கொண்ட சமாதானப் பத்திரத்திலிருந்து பதினான்கு கையெழுத்துகளும் கழன்று கோவில் மண்டபத்துத் தரையில் விழுந்தன. மண்டபத்தைத் துப்புரவாக்கும் யோசெப்பின் என்பவள் அவற்றைத் தும்புத்தடியால் கூட்டி, கேக் துகள்களோடு குப்பையில் போட்டாள்.

குற்றம் பெயரில்தான். ஒஸ்லோவில் மற்றத் தமிழர் எண்சாத்திரம் பார்த்து, எந்த மொழியிலும் பொருளில்லாத பெயர்களை வைத்து நிம்மதியாக இருந்தார்கள். நகரின் கோடியில், வெஸ்ட்லியில் இருந்த லோறன்ஸ் மட்டும் கத்தோலிக்க நாட்காட்டியைப் பார்த்தார். பிள்ளை பிறந்த மார்ச் நான்கு, புனித கசிமீரின் நாள். புனிதர் பெயரால் என்ன கெடுதி வரப்போகிறது என்று மகனுக்கு வைத்துவிட்டார். அதே பூசைக்கு வரும் போலந்துக்காரி யூலியாதான் பிறகு சிரிக்காமல் விளக்கினாள். பழைய ஸ்லாவியப் பெயர், அரசர்களுக்கும் இருந்தது. முற்பாதி குலைப்பது, பிற்பாதி சமாதானம். பகைவரின் நிம்மதியைக் கெடுக்கட்டும் என்று ஆசையாக வைப்பார்களாம்.

உலகத்துக்குச் சால்மன் மீனும் சமாதானமும் ஏற்றுமதி செய்யும் நாட்டில் இப்படியொரு பிள்ளை! பக்கத்து இருக்கையில் பையை வைத்துவிட்டு ஒருவரோடும் கதைக்காமல் போகும் ஐந்தாம் இலக்க மெட்ரோச் சனம், அவன் ஏறியதும் வாய் திறந்து சண்டை பிடித்தது. வீட்டில் மட்டும் ஒன்றும் மாறவில்லை. குலைப்பதற்கு அங்கே சமாதானம் இருந்ததில்லை.

தாய் அருள்ராணிக்கு ஒரே கவலை, தன் தம்பி கிறிஸ்ரி. கசிமீர் பிறப்பதற்கு முந்தின வருடம் நகருக்கு வெளியே லோறென்ஸ்கூக் என்ற ஊரில் வீடு வாங்கி, ஆசீர்வாத விருந்துக்கு அக்காவைக் கூப்பிடாதவர். அதன்பிறகு இருவரும் கண்ட இடத்தில் தூர நின்று தலையாட்டினார்கள். சனம் அதைச் சமாதானம் என்றது. மருமகன் வரும் பூசைக்குக் கிறிஸ்ரி வருவதேயில்லை. பெயரை மாற்றினால் வீட்டுக்கு வருவதாகச் சொல்லியனுப்பினார். அருள்ராணி ஒரு நாள் முழுக்க அழுதுவிட்டுச் சம்மதித்தாள்.

கசிமீரின் ஒன்பதாம் பிறந்தநாளன்று பெற்றோர் பெயர்மாற்றப் படிவத்தில் கையெழுத்திட்டு மேசையில் வைத்தார்கள். கிறிஸ்ரி வந்து சோபாவின் நுனியில் இருந்தார். கசிமீர் மாமாவுக்குக் கேக் கொண்டுவந்தான்.

“வீட்டு விருந்துக்கு ஏன்ரா என்னைக் கூப்பிடேல்லை?” என்று அருள்ராணி வெடித்தாள்.

“நீ பொறாமைப்படுவாய் எண்டுதான், அக்கா.”

“பொறாமைதான்! அதுக்காண்டிக் கூப்பிடாமல் விடுவியோ?”

இரண்டு மணித்தியாலம் கத்தினார்கள். பிறகு அழுதார்கள். பிறகு ஒரே தட்டில் இடியப்பம் சாப்பிட்டார்கள். லோறன்ஸ் படிவத்தைத் தேடி எடுத்தபோது அதில் கையெழுத்துகள் இல்லை. இரண்டும் கழன்று கிறிஸ்ரியின் காலடியில் கிடந்தன. அருள்ராணி தும்புத்தடியை எடுத்துவந்தாள்.

“காலைத் தூக்கடா,” என்று சொல்லிக் கூட்டி அள்ளினாள்.