நீ பேசுனியா?

அவள் சீருடை தைக்கும் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். நாற்பது மடிப்புத் துணியை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, சாக்பீஸால் கோடு போட்டு, மின்கத்தியை ஓட்டுவது வேலை. காலையில் வேலைக்குப் போனால் சாயங்காலம் வரை நின்ற கால் நின்றபடி. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே, உள்ளே தம்பி யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருப்பது கேட்கும். பதினோரு வருடமாக இதுதான் கதை.

தம்பி லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவன். கைராசிக்காரன் என்று பேர் வாங்கியவன். லிஃப்ட் குழிக்குள் நின்று வேலை பார்க்கிறவனை மேல்மாடியிலிருந்து ஆள் கூப்பிடுவது சகஜம். அதனால் முதன்முதலில் குரல் கேட்டபோது, கூட்டாளிதான் கூப்பிடுகிறான் என்று எண்ணி இவனும் குரல் கொடுத்திருக்கிறான். நாலைந்து மாதம் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. ஒரு லீவு நாளில், சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் திடீரென்று கூரையை அண்ணாந்து பார்த்து, "இதோ வரேன்" என்றான். அன்றைக்குத்தான் அக்காவும் அண்ணாந்து பார்த்தாள்; அங்கே கூப்பிட யாருமே இல்லை.

பிறகு ஆஸ்பத்திரி, ஸ்கிசோஃப்ரினியா என்று வாயில் நுழையாத ஒரு பெயர், மாத்திரைகள். மாத்திரையில் குரல் அமுங்கியது, ஒழியவில்லை. உடம்பு கனத்து, கை நடுங்கி, வேலையும் போயிற்று. அக்காவைக் கட்டிக்கொள்வதாக இருந்தவர் நல்லவர்தான்; தம்பியையும் சேர்த்துக் கட்டிக்கொள்ள அவரால் முடியவில்லை.

குரலைப் பற்றிப் பேச்செடுக்காதீர்கள், பேசப் பேச வளரும் என்று முதலில் பார்த்த டாக்டர் சொல்லியிருந்தார். அவளும் எடுக்கவில்லை. உள்ளதைச் சொன்னால் அது அவளுக்கு வசதியாகவும் இருந்தது. இடுப்பொடிய வீடு வந்து சேர்கிறவளுக்கு, தன் காதுக்குக் கேட்காத குரலின் கதையையும் உட்கார்ந்து கேட்கத் தெம்பு ஏது?

இந்த வருடம் தம்பி அவள் கையால் சாப்பிடுவதை நிறுத்தினான். தட்டில் போட்டால் தள்ளி வைத்தான். அவள் வேலைக்குப் போன பிறகு வெறும் ரொட்டியைத் தின்றான். நான் என்ன விஷமா வைக்கிறேன் என்று ஒருநாள் அவள் சத்தம் போட்டபோது, பதில் பேசாமல் இரண்டு காதையும் பொத்திக்கொண்டான். ஆள் பாதியாய்ப் போனான்.

ஆஸ்பத்திரியில் உளவியலாளர் ஒருவர் புதிதாக வந்திருந்தார். சின்ன வயதுப் பெண். குரல் என்ன சொல்கிறது என்று என்றைக்காவது கேட்டிருக்கிறீர்களா என்று அக்காவிடம் கேட்டார். அக்காவுக்குச் சுருக்கென்றது. கேட்காதே என்று சொன்னதும் இதே கட்டடம்தான்.

உளவியலாளர் அவனிடமே திரும்பி அதைக் கேட்டார். அவன் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"அக்கா குரல்ல பேசுது," என்றான். "முதல்ல கூட்டாளி குரலா இருந்துச்சு. ஏழெட்டு வருஷமா இதுதான்."

"என்ன சொல்லுது?"

"நீ போய்ச் சேர்ந்தா நான் நிம்மதியா இருப்பேன்னு. நீ இதைத் தின்னு உயிரை வளர்த்து என்ன பண்ணப்போறன்னு."

அக்காவுக்குக் காது மடல் கொதித்தது. அப்படி ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து வந்ததே இல்லை. ஆனால் ஒரு தடவை, பஸ் நிறுத்தத்தில் மழைக்கு ஒதுங்கி நின்றபோது, கிட்டத்தட்ட இதே வார்த்தைகளை மனசுக்குள் சொல்லியிருக்கிறாள். தம்பியை வெளியே உட்காரவைத்துவிட்டு, "நான் நினைச்சது அவன் காதுக்கு எப்படிங்க போச்சு?" என்று கேட்டாள்.

உங்களிடமிருந்து எதுவும் போகவில்லை என்று உளவியலாளர் நிதானமாக எடுத்துச் சொன்னார். மனசுக்குள் பேசும்போதும் மூளையில் பேச்சுக்கான பகுதி வேலை செய்கிறது. அது கேட்கிற பகுதிக்கு முன்கூட்டியே தகவல் அனுப்பிவிடும்: பேசுவது நம் ஆள்தான், கண்டுகொள்ளாதே என்று. அந்தத் தகவல் ஒழுங்காகப் போய்ச் சேராதபோது, தன் பேச்சே வெளியாள் பேச்சாகக் கேட்கிறது என்று ஆராய்ச்சிக்காரர்கள் பலர் கருதுகிறார்கள். முழுசாக இன்னும் யாருக்கும் பிடிபடவில்லை. ஆனால் குரல் கேட்கிற நேரத்தில் மூளையைப் படம் பிடித்தபோது, நிஜச் சத்தம் கேட்டால் எந்த இடம் வேலை செய்யுமோ அதே இடம் பலருக்கு வேலை செய்திருக்கிறது. அதனால் அவன் பொய் சொல்லவில்லை. அவனுக்குக் கேட்கத்தான் செய்கிறது.

"அந்த வார்த்தை அவரோட பயம்ங்க," என்றார். "குரல் மட்டும் உங்களோடது. அவர் தினம் கேக்கறது உங்க குரலைத்தானே?"

திரும்பும் பஸ்ஸில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். பாதி வழியில் அவள் வாயைத் திறந்தாள்.

"நான் அப்படிச் சொன்னதே இல்லடா. ஆனா ஒரு தடவை நினைச்சிருக்கேன்."

அவன் ஜன்னலைப் பார்த்தபடி, "யாரா இருந்தாலும் தோணும்க்கா," என்றான். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

உளவியலாளர் ஒரு பயிற்சி கொடுத்திருந்தார். குரல் கேட்டால் நேரே அக்காவிடம் போய், அவள் வாயைப் பார்த்து, பேசியது அவள்தானா என்று கேட்க வேண்டும். முதல் ஞாயிற்றுக்கிழமை அவன் இருபது தடவைக்கு மேல் வந்தான். "இப்ப நீ பேசுனியா?" "இல்ல." அவள் துணி காயப்போடும்போது வந்தான். குளிக்கும்போது கதவைத் தட்டிக் கேட்டான். நாற்பது மடிப்புத் துணி வெட்டுவதைவிட இது ஆளை அடித்துப் போட்டது. நாலாவது வாரம் பொறுமை போய், "போடா, நான் பேசவே இல்ல, இனிமே பேசவும் மாட்டேன்" என்றாள்.

"அப்பாடா," என்று அவன் சிரித்தான். அவன் சிரித்துப் பார்த்து எவ்வளவு காலமாயிற்று என்று அவளுக்கு நினைவில்லை.

குரல் போய்விடவில்லை. மாத்திரையும் அப்படியே நீடித்தது. ஆனால் அவள் சமைத்த சாப்பாட்டைச் சாப்பிட ஆரம்பித்தான்; முதலில் பாத்திரத்திலிருந்து தானே எடுத்துப் போட்டுக்கொண்டு, பிறகு அவள் கையால். குரல் பேசும்போது தன் தொண்டை லேசாக அதிர்வதை அவனே விரல் வைத்துப் பார்த்துக் கண்டுபிடித்தான். அந்த நேரத்தில் ஏதாவது ஒரு மெட்டை முணுமுணுத்தால் குரல் கொஞ்சம் தணிகிறதாம். பழைய முதலாளி, லிஃப்ட் குழிக்குள் இறங்காமல் பட்டறையில் உட்கார்ந்து சுவிட்ச் பெட்டிகளைச் சோதிக்கும் அரைநாள் வேலை கொடுத்தார்.

ஒரு விடுமுறை நாள் மத்தியானம் அவள் கட்டிலில் அப்படியே விழுந்து கண்ணயர்ந்துவிட்டாள். காலடிச் சத்தம் அறைவாசல் வரை வந்தது. அரைத்தூக்கத்தில், இல்ல என்று சொல்ல நாக்கைத் தயார் பண்ணினாள். அவன் நின்று, மூடியிருந்த அவள் வாயைப் பார்த்தான். பிறகு எதுவும் கேட்காமல், கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டுப் போனான்.

அவள் மறுபக்கம் திரும்பிப் படுத்துத் தூங்கிப்போனாள்.