கிடுகுப் புகை

“அப்பா, காத்து எங்க போய்ப் படுக்கும்?”

தனுஷியா அதைக் கேட்டபோது அவளுக்குப் பள்ளிக்கூடம் போகும் வயதுகூட ஆகியிருக்கவில்லை. கல்லடிக் கடற்கரையில் அவளுடைய பட்டம் திடீரென்று தொய்ந்து விழுந்திருந்தது. உதயரூபன் அன்றும் களைத்துப்போய்த்தான் இருந்தான். திரும்பும் வழியில் பாலத்தின்மேல் நின்று வாவியைக் காட்டினான். “அந்தா, கரையோரமாத் தண்ணி ஆடாமக் கிடக்கே, அங்கதான்.”

அவள் நம்பினாள். இப்போது பெரிய வகுப்பில் படிக்கிறாள். காற்றைப் பற்றி எதுவும் கேட்பதில்லை. அந்தப் பதில் பொய் என்பதை உதயரூபன் பிறகுதான், பறக்கத் தொடங்கிய பிறகுதான், தெரிந்துகொண்டான். மரங்களைத் தாண்டி வரும் காற்று ஆடாத தண்ணீருக்கு மேலேதான் குப்புற விழும். அதற்குள் அகப்படும் சிறகும் சேர்ந்து விழும்.

அவன் ஓட்டியது ஒரு முக்கோணச் சிறகின் கீழே தொங்கும் மூன்று சக்கர வண்டி. முன்னால் ஓட்டுபவர், அவர் முதுகுக்குப் பின்னால் இன்னொருவர். பின்புறத்தில் பெரிய விசிறி. பெற்றோல் கிடையாது; பற்றரிதான். சிறகோடு பொருத்திய தண்டை இரண்டு கையாலும் இழுத்தும் தள்ளியும்தான் வேகத்தைக் கூட்ட வேண்டும், குறைக்க வேண்டும், திருப்ப வேண்டும். நல்ல காற்றில் அது சுகமான வேலை. கெட்ட காற்றில், விடாமல் முட்டும் மாட்டைக் கொம்பில் பிடித்து நிறுத்துவது போல இருக்கும்.

வாவிக் கரையில் எங்கெங்கே கண்டல் மரங்கள் அழிந்துபோயின என்று மேலிருந்து படம் எடுப்பது காத்தான்குடி ஸுஹைனாவின் வேலை. அவளை ஏற்றிச் சென்று பத்திரமாக இறக்குவது உதயரூபனின் வேலை. வைகாசியில் மேற்கிலிருந்து கச்சான் வீசும். வெக்கையோடு வரும் முரட்டுக் காற்று. விடியற்காலை ஏறி, வெயில் சூடேறுமுன் இறங்கிவிட வேண்டும். ஒருநாள், முந்திய இரவு முழுவதும் கரண்ட் இல்லை. பற்றரி நிரம்பும்போது வெயில் நன்றாக ஏறிவிட்டது.

“இன்னொரு நாள் போவம்” என்று சொல்லியிருக்கலாம். ஆனால் படமெடுக்கும் வேலையில் அது கடைசிப் பறப்பு. மாதக்கணக்காகத் தண்டைப் பிடித்து அவனுடைய தோள் இரண்டும் கழன்றுபோய்க் கிடந்தன. “கெதியா முடிச்சிப்போட்டு வந்திருவம் தங்கச்சி” என்று ஏறிவிட்டான். களைத்த மனிதன் ஓய்வுக்கு ஆசைப்பட்டுத்தான் பல நேரம் ஆபத்துக்குள் போகிறான்.

போகும்போது காற்று முதுகைத் தள்ளியது. திரும்பும்போது அதே காற்று முகத்தில் அறைந்தது. வண்டி தூக்கி எறியப்பட்டது, பிறகு காலடியில் பலகையை உருவியது போலச் சரிந்தது. பற்றரி வேகமாக இறங்கிக்கொண்டிருந்தது.

“அண்ணன், வயித்துக்குள்ள என்னவோ செய்யுது” என்றாள் ஸுஹைனா, தலைக்கவசத்துக்குள்ளிருந்த ஒலிவாங்கியில்.

“கண்ணை மூடாதீங்க. தூரத்தைப் பாருங்க.”

“தூரமும் ஆடுதே!”

அவனுக்குச் சிரிப்பு வந்தது. அவள் அதற்குப் பிறகு மெல்ல ஓதத் தொடங்கினாள். அது அவன் காதுக்கும் கேட்டது. அவன் தடுக்கவில்லை, மனதுக்குள் ஊர்க் கோயில் அம்மாளைக் கூப்பிட்டான்.

அவர்களுடைய இறங்குதளம் வாவிக்கு மேற்கே படுவான்கரையில், வெள்ளாமை வெட்டிய பின் சும்மா கிடந்த வயல் வட்டையில் கிழக்கு மேற்காக நீண்ட ஒரு துண்டு நிலம். கிழக்கு முனையில் வாவி, மேற்கு முனையில் தென்னந்தோப்பு. நடுவில் ஒரு கம்பம். அதன் உச்சியில் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று காட்டும் சிவப்புத் துணிக் குழாய்.

அன்று கம்பம் இருந்த இடத்தில் ஒரு குழிதான் இருந்தது.

உதயரூபனுக்கு உடனே விளங்கியது. கோயில் சபைத் தங்கராசா முதல்நாள் வந்து, அம்மாள் கோயில் வருடச் சடங்குக்குக் கம்பு தடி ஏதும் கிடைக்குமா என்று கேட்டிருந்தார். “அம்மாளுக்கு எண்டா என்னத்தையும் எடுங்க” என்று இவன்தான் சொன்னான். தோப்புக்கு அப்பால் கோயில் வாசலில் அந்தக் கம்பம் லவுட்ஸ்பீக்கரைத் தாங்கிக்கொண்டு நின்றது.

நண்பகலை நெருங்கும்போது கடற்காற்றும் கிழக்கிலிருந்து கிளம்பிவரும். கச்சானும் அதுவும் வாவிக்கு மேலே மல்லுக்கட்டும். கீழே இப்போது எது வென்றிருக்கிறது? தென்னோலைகள் எல்லாப் பக்கமும் அடித்துக்கொண்டன. காற்று இன்னும் மேற்கிலிருந்து வந்தால் வாவிப் பக்கமாக இறங்க வேண்டும். கிழக்குக்கு மாறியிருந்தால் தோப்புப் பக்கமாக. கணிப்புப் பிழைத்துப்போனால் காற்றே பின்னாலிருந்து தள்ளி, ஒன்று மரத்தில் மோதவைக்கும், இல்லையென்றால் தண்ணீரில் புரட்டும். தவறினால் மீண்டும் எழும்பிச் சுற்றப் பற்றரியில் பலம் இல்லை. முதுகுக்குப் பின்னால் ஒரு தாயின் பிள்ளை இருக்கிறாள்.

கிழக்கு முனையில், தண்ணீர் ஓரமாக இளையதம்பியரின் வாடி இருந்தது. வலையையும் தன்னையும் வெயிலுக்கு மறைக்க அவர் பின்னிய தென்னோலைக் கிடுகால் கட்டிய சின்னக் குடில். உதயரூபனை அவருக்குப் பிடிக்காது. “உண்ட நிழல் விழுந்தா மீன் கலையுது மனே. ஆகாசத்துல உனக்கு வேற இடமில்லையா?” என்று பல நாள் ஏசியிருக்கிறார். ஒருநாள் சிவப்புத் துணியைப் பார்த்து, “ஆர்ர சாரத்தைக் களவெடுத்துக் கட்டியிருக்காய்?” என்று கேட்டார். அது இல்லாவிட்டால் இறங்கத் தெரியாது என்று இவன் சொன்னான். “அப்ப நீயும் என்னைப்போலதான், காத்தைப் பாத்துப் பிழைக்கிற ஆள்” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்.

அந்த வாடிப் பக்கத்தில் இப்போது புகை எழுந்தது.

முதலில் மெல்லியதாக, பிறகு வெள்ளையாக, தடிப்பாக. ஒரு கணம் நிமிர்ந்து நின்றது. பிறகு அப்படியே வாவிப் பக்கம் சாய்ந்து படுத்தது. கச்சான்தான். மேற்கிலிருந்துதான்.

“இறங்கப் போறம். நல்லாப் பிடிச்சிக்கோங்க.”

வாவிக்கு மேலே கிறுகித் திரும்பி, தளத்தை நேராகப் பார்த்தான். கரைக்குச் சற்று முன்னால் தண்ணீர் ஆடாமல் கண்ணாடி போலக் கிடந்தது. மகளுக்குக் காட்டிய அதே மாதிரித் தண்ணீர். அதைக் கடக்காமல் கரைக்குப் போக வழியில்லை. மெதுவாகப் போகச் சொல்லிப் பயம் கெஞ்சியது. அவன் தண்டை நெஞ்சோடு இழுத்து வேகத்தைக் கூட்டினான். சிறகு ஒரு பக்கம் விழுந்தது. தோளில் மிச்சமிருந்த பலத்தையெல்லாம் கொடுத்து நிமிர்த்தினான். வண்டி பள்ளத்தில் விழுவது போல இறங்கியது. தண்ணீர் மிக அருகே வந்தது. விசிறிக்குக் கடைசிப் பலத்தையும் கொடுத்தான். கரை கடந்தது. புகை முகத்தில் அடித்தது. சக்கரம் நிலத்தில் மோதி, எகிறி, மீண்டும் மோதி, வெட்டிய நெல்லின் அடிக்கட்டைகளை மிதித்துக்கொண்டு ஓடி நின்றது.

உதயரூபன் விசிறியை நிறுத்தினான்.

“அல்ஹம்துலில்லாஹ்” என்றாள் ஸுஹைனா. பிறகு, “நல்ல நேரம் ஆரோ குப்பை எரிச்சிருக்காங்க.”

உதயரூபன் நடந்துபோய்ப் பார்த்தான். குப்பை இல்லை. பாதி எரிந்த கிடுகுகள். நெருப்பின்மேல் வாவியில் மிதக்கும் சல்பீனியாக் களையை ஈரத்தோடு போட்டுப் புகைய வைத்திருந்தது. வாடியின் கூரையில் பெரிய ஓட்டை. வெயில் நேராக உள்ளே, வலையின்மேல் விழுந்துகொண்டிருந்தது. இளையதம்பியர் தோணியில் தூரத்தில், முதுகைக் காட்டிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்.

மாலையில் கோயில் வாசலில் தங்கராசா ஓடிவந்தார். “தம்பி, கம்பத்துல கிடந்த துணியை எறியல்ல. ஊத்தை படாம மடிச்சி, அம்மாள்ர பட்டுகளோட வச்சிருக்கம்!” அவர் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்து உதயரூபனுக்குக் கோபம் வரவில்லை. “அந்தக் கம்பம் மட்டும் எனக்கு வேணும் அண்ணன்” என்றான்.

அங்கேயே இளையதம்பியரையும் கண்டான்.

“ஐயா, இண்டைக்கு நீங்க…”

“நுளம்பு கடிக்குது எண்டு புகை போட்டன் மனே.”

“நட்ட நடு வெயில்லயா?”

“எங்கட வாடி நுளம்புக்கு நேரம் காலம் தெரியாது. போ, போய்ப் படு. மூஞ்சி செத்துக் கிடக்கு.”

அதற்கு மேல் அவர் ஒரு சொல் கேட்கவும் தயாராக இல்லை. சிலர் நன்றியை வாங்கினால் செய்தது குறைந்துவிடும் என்று நினைப்பவர்கள். அவர்களுக்கு அவர்களுடைய வழியில்தான் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

உதயரூபன் தன் வீட்டு வளவில் விழுந்து கிடந்த தென்னோலைகளைக் கிழித்து ஊறப்போட்டான். சடங்கு நடந்த நாட்களில் கிடுகு பின்னினான். முதலில் பின்னியவை கோணலாக வந்தன; அவிழ்த்துத் திரும்பப் பின்னினான்.

சடங்கின் கடைசி நாளான குளிர்த்தி முடிந்த மறுநாள் காலை ஊரே அசதியில் கிடந்தது. லவுட்ஸ்பீக்கர்கூட ஓய்ந்திருந்தது. அவன் கிடுகுகளைத் தோளில் சுமந்து வாடிக்குப் போனான். வாவியில் ஒரு தோணியும் இல்லை. கூரையில் ஏறி, பழைய கிடுகோடு புதியதை இறுக்கிக் கட்டினான். தோள் வலித்தது, இடையிடையே நிறுத்தி மூச்சு வாங்கினான். கடைசி முடிச்சு விழுந்ததும் வலையின்மேல் கிடந்த வெயில் அணைந்தது.

புதிய ஓலையின் வெளிர் நிறம் தனியாகத் தெரிந்தது. கை நிறைய வாடி அடுப்புச் சாம்பலை அள்ளி அதன்மேல் பூசினான், பழையதைப் போலத் தெரியட்டும் என்று. ஏறுவதற்காக நகர்த்திய வலைக்கூடையை இருந்த இடத்திலேயே வைத்தான். பிறகு அவன் வீட்டுக்குப் போய்ப் படுத்தான்.