தளபதி மஸேனாவுக்கு மாப்பிள்ளை விசாரணை

சரணியாவுக்கு ஒரு நோய் இருந்தது. தமிழ்ப் பள்ளிக்கூடத்துப் பேச்சுப்போட்டிகளில் பிடித்த நோய். எதையும் வரிவரியாகப் பாடமாக்கி, எந்த வரியில் கையைத் தூக்குவது என்பதையும் சேர்த்துப் பாடமாக்கி, மூச்சுவிடாமல் ஒப்புவிப்பாள். நடுவில் யாராவது தும்மினால் போச்சு. மறுபடி அவையோர் வணக்கத்திலிருந்து தொடங்கவேண்டும்.

இப்படிப்பட்டவளுக்கு நகர வழிகாட்டி ஆகும் ஆசை வந்ததை என்னவென்று சொல்வது! முதல் தேர்வில் ஒரு மனுசன் கழிப்பறை எங்கே என்று கேட்டதில் கதை அறுந்து, தோற்றுப்போனாள். இது இரண்டாம் தரம். இதிலும் கோட்டை விட்டால் வழிகாட்டிகள் சங்கம் இனி அவளைச் சேர்க்காது.

தேர்வு சுவிஸின் டீட்டிக்கோன் என்னும் ஊரில், லிம்மாத் ஆற்றங்கரையில் நடந்தது. பார்வையாளர்களைத் தேர்வுக்கு வருபவரே கூட்டிவர வேண்டும் என்பது சங்கத்தின் விதி. சரணியா தன்னோடு வேலைசெய்யும் சுவிஸ்காரர் சிலரையும் தாய் ஞானேஸ்வரியையும் கூட்டிவந்தாள். வாயே திறப்பதில்லை என்று சத்தியம் செய்துதான் ஞானேஸ்வரி ரயில் ஏறியிருந்தாள். பரீட்சகர் திருமதி ஆமான் பேனாவைத் திறந்தார்.

"1799இல் இந்த ஆற்றைக் கடந்து ரஷ்யப் படையை முறியடித்த பிரெஞ்சுத் தளபதி அந்திரே மஸேனா, நீஸ் நகரில் பிறந்தவர்," என்று ஜெர்மன் மொழியில் தொடங்கினாள் சரணியா. "ஆறு வயதிலேயே தந்தையை இழந்தார்..."

"ஐயோ பாவம்! அப்ப ஆர் வளத்தது?"

கரை முழுக்கக் கேட்டது ஞானேஸ்வரியின் குரல். சத்தியம் காற்றோடு போய்விட்டது.

சரணியாவின் தலைக்குள் இருந்த வரிகளும் கூடவே போய்விட்டன. திருமதி ஆமான் ஏதோ குறித்துக்கொண்டார். பெற்ற தாயை ஆற்றில் தள்ளினால் என்ன என்றுகூட ஒரு கணம் தோன்றியது. சும்மா நிற்பதற்குப் பதில் சொல்லித் தொலைக்கலாம் என்று வாயைத் திறந்தாள்.

"சொந்தக்காரர்தான் அம்மா."

"தாய்?"

"மறுகலியாணம் செய்திட்டா."

"பொடியனுக்கு என்ன உத்தியோகம்?"

"முதல்லை கப்பலிலை எடுபிடி. பிறகு பட்டாளம்."

"பட்டாளத்திலை நிரந்தர வேலையோ?"

சரணியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒன்றுவிட்ட அக்காவுக்கு மாப்பிள்ளை தேடி வின்டர்தூர் நகரம் முழுக்க டெலிபோன் அடித்தபோது அம்மா கேட்ட அதே கேள்விகள்! கூட்டத்தின் பக்கம் திரும்பி, பேசியதை ஜெர்மன் மொழியில் சொன்னாள்.

"மன்னிக்கவேண்டும். எங்கள் வீடுகளில் பெண் கொடுக்கமுன் இப்படித்தான் மாப்பிள்ளையைத் துருவி விசாரிப்போம். அம்மா தளபதியை விசாரிக்கிறார். நீங்களும் பெண்வீட்டார்தான், கேளுங்கள்!"

"பதவி உயர்வு கிடைத்ததா?" என்றான் ஒருவன்.

"பதினான்கு வருடம் மாடாய் உழைத்தும் அதிகாரி ஆக்கவில்லை. பிரபு வீட்டில் பிறக்கவில்லையாம். வெறுத்துப்போய் விலகி, ஒரு மருத்துவரின் மகளைக் கட்டினார்."

அதைக் கேட்டதும் ஞானேஸ்வரி கையை உதறினாள். "கட்டினவனையோ எனக்கு மாப்பிள்ளையாப் பேசுறாய்?"

மொழிபெயர்த்தபோது கரையே சிரித்தது. சம்பந்தம் முறிந்தாலும் விசாரணை நிற்கவில்லை. பிரெஞ்சுப் புரட்சி வந்து குலப்பெருமையைத் தூக்கியெறிந்ததும் மனுசன் மீண்டும் படையில் சேர்ந்து, இரண்டே வருடத்தில் தளபதியானதைச் சொன்னாள். படகுகளை இரகசியமாகத் தரைவழியே கொண்டுவந்து, விடியற்காலையில் இந்த ஆற்றில் இறக்கியதைச் சொன்னாள். கைகள் தாமாகவே காற்றில் படகு தள்ளின.

"கெட்ட பழக்கம்?" என்றாள் இன்னொருத்தி.

"போன ஊரிலெல்லாம் சுருட்டுவார். மார்ஷல், கோமகன், இளவரசர் என்று பட்டங்கள் குவிந்த பிறகும் அந்தக் கை அடங்கவில்லை. கடைசியில் போர்த்துக்கலில் நன்றாக வாங்கிக்கட்டினார்."

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். சரணியாவுக்கு வாய் எப்போதும் இருந்தது. அன்றைக்குத்தான் அது அவள் சொல்லுக் கேட்டது.

திருமதி ஆமான் கடிகாரத்தைப் பார்த்தார். "நேரம் முடிந்தது. தேர்ச்சி."

சரணியா துள்ளிக் குதித்தாள். "பாஸ், அம்மா!" என்று கத்தினாள்.

ஆனால் ஒருவரும் வீட்டுக்குப் போகிற பாடாயில்லை. "படகை எந்த இடத்தில் இறக்கினார்கள்?" என்று ஒருவன் கேட்டான். "ரஷ்யர்கள் எங்கே நின்றார்கள்?" என்றாள் அடுத்தவள்.

"வாருங்கள், காட்டுகிறேன்," என்று சரணியா முன்னால் நடந்தாள். எல்லோரும் பின்னால் போனார்கள். திருமதி ஆமான் பேனாவை மூடிக் கைப்பைக்குள் போட்டுவிட்டு, பின்தங்காமலிருக்க ஓட்டமும் நடையுமாகச் சேர்ந்துகொண்டார்.