கழுத்தில் நின்ற ஐஸ்

மேனேஜர் சந்தோஷ்குமாருக்கு மூளை இருக்கிறதா என்ற சந்தேகம், குஞ்சு பொரிக்கும் நாமக்கல் ஹேச்சரியில் ஊசி போடும் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே கோகிலவாணிக்கு வந்துவிட்டது. இன்று அது தீர்ந்தது.

குஞ்சுகளுக்குப் போடும் தடுப்பு மருந்துக் குப்பிகள் திரவ நைட்ரஜன் கேனுக்குள் தலைகீழாகத்தான் நிற்கும். மருந்து குப்பியின் அடியோடு ஒட்டி உறைந்திருந்தால் நல்லது. நடுவில் உருகியிருந்தால் கழுத்துக்கு இறங்கி உறைந்திருக்கும். அவள் எடுத்த குப்பியில் கழுத்து நிறைய ஐஸ்.

"சார், நேத்து இதை வெளிய எடுத்தீங்களா?"

"குஞ்சு பொரிய லேட்டாயிருச்சு அம்மிணி. திரும்ப உள்ளயே போட்டுட்டேன்," என்றான் மேனேஜர், பல்லைக் குத்தியபடி. "ஐஸுன்னா ஐஸுதான?"

"குல்ஃபியா சார் இது?"

சத்தம் கேட்டு ஓமலூர் செல்லாயி உள்ளே வந்தாள். குஞ்சு ஏற்ற வேனோடு வந்திருந்தாள். போன முறை வாங்கியதில் பாதிக் கோழிகள் ஒரு காலை முன்னே, ஒரு காலைப் பின்னே நீட்டி விழுந்து செத்தன. இந்த முறையும் போனால் பண்ணையை மூட வேண்டியதுதான்.

"என்ன சாமி?"

"அந்தக் கால்நோய் வைரஸுக்கு மேல போர்த்திக்க ஒரு உறை வேணுங்க. உறையில பதியற புரோட்டீனெல்லாம் கோழியோட செல்லுக்குள்ளதான் தயாராகும். முழுசாப் போர்த்திட்டு வெளிய வாரது இறகு வேர்ல மட்டுந்தான். மத்தபடி செல்லை உட்டு அசையாது. மருந்துல இருக்கற வைரஸும் அப்படித்தான், உசுரான செல்லுக்குள்ள ஒக்காந்துதான் குஞ்சுக்குள்ள போகும். உருக்கி மறுபடி உறைய வச்சா, இதா இப்படிக் கழுத்துல ஐஸ் நிக்கும், செல்லு செத்துரும். அப்புறம் ஏத்தறது வெறுந்தண்ணிங்க."

"மேடம் கிளாஸ் எடுக்கறாங்க," என்று சந்தோஷ்குமார் சிரித்தான்.

செல்லாயி சிரிக்கவில்லை. "ஏனுங்க, போன தடவை கோழி செத்ததுக்கு என்ற தீவனத்துல பூஞ்சைன்னீங்களே?"

அவன் செல்போனை எடுத்து நோண்டினான். இவனெல்லாம் மேனேஜர்! கோகிலவாணிக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்றிருந்தது.

"போன தடவை ஊசி போட்டது நீதான சாமி? அப்பக் கழுத்தைப் பாத்தியா?"

பார்க்கவில்லை. அவசரத்தில் குப்பியை எடுத்ததுமே, மருந்தை உருக்க வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டிருந்தாள்.

"இல்லீங்க."

சந்தோஷ்குமாரைப் பார்த்த அதே பார்வையைச் செல்லாயி இவள் பக்கம் திருப்பினாள்.

கோகிலவாணி மிச்சமிருந்த குப்பிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தாள். எல்லாவற்றிலும் கழுத்தில் ஐஸ். மொத்தத்தையும் ஒதுக்கி வைத்தாள்.

"புது மருந்து வரச் சொல்றேங்க. கழுத்தை உங்ககிட்ட காட்டிட்டுத்தான் போடுவேன்."

"காட்டு. இங்கயேதான் நிக்கறேன்."

சந்தோஷ்குமார் செல்லாயிக்கு நாற்காலியை இழுத்துப் போட்டான். அவள் உட்காரவில்லை.